பாசி அண்ணனின் மூக்கு

பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்தில் ஒரு கம்பி வேலி. உள்ளே மூன்று குளங்கள். ஊர் வீடுகளின் கழிவுநீர் முதல் குளத்தில் விழுந்து, இரண்டாவதில் பாசி பிடித்து, மூன்றாவதில் தெளிந்து வெளியேறும். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பாசி அண்ணன். மனைவி இறந்தபின் தனிக்கட்டை; வேலிக்குள்ளேயே ஓர் அறையில் குடியிருப்பு. குளம் பச்சையாக இருந்தால் நாற்றம் இருக்காது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார், அதனால்தான் அந்தப் பெயர். காது கொடுத்துக் கேட்கத்தான் நாதியில்லை. வேலிப்பக்கம் வந்தாலே ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். என்னவோ இவர்கள் வீட்டுக் குழாயில் பன்னீர் வருகிற மாதிரி!

நான் அந்தப் பேருந்தின் ஓட்டுநர். வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கியவன். அண்ணனுக்கு மூக்கும் நான்தான். அந்தக் காற்றிலேயே கிடந்து அவர் மூக்கு செத்துப்போயிற்று. தினமும் காலையில் வேலிக்குள்ளிருந்து குரல் வரும்.

“தம்பி, இன்னிக்கு எப்படி?”

“பரவாயில்லண்ணே, மனுஷன் மூச்சு விடலாம்” என்பேன். இல்லாவிட்டால், “குடலைப் புடுங்குது.”

முதல் குளத்தில் கசடு ஏடாக மிதக்கும். அதைக் கலைத்தால் அடியில் அடைந்த நாற்றமெல்லாம் கிளம்பும். என்னைக் கேட்டுவிட்டு, காற்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலைப்பார்.

ஒருநாள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிக்கொடுத்த மகள் வருகிறாளாம்.

“போன தடவை மாப்பிள்ளையோட வந்து, சாப்பிடாமலே கிளம்பிட்டா. இந்தத் தடவை ராத்திரி தங்குறேன்னிருக்கா!”

புதுப் படுக்கை விரிப்பு வாங்கினார். சுவருக்கு வெள்ளையடித்தார். அதோடு விட்டிருக்கலாம். அவள் வரும் நாள் காலையில், வந்து சேர்வதற்குள் நாற்றம் அடங்கிவிடும் என்ற நினைப்பில், குளம் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று கசடு முழுவதையும் கழியால் கலைத்துவிட்டார்.

நான் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மகள் இறங்கினாள். சலவைச் சட்டையில் நின்ற அண்ணன் அன்றைக்கு மட்டும் என்னை எதுவும் கேட்கவில்லை. அவளை வைத்துக்கொண்டு நானாக எப்படிச் சொல்வது?

மாலையில் அவள் பையோடு வண்டியேறினாள். “ஆபீஸ்ல அவசர வேலையாம்” என்றார் அண்ணன். வண்டி வளைவைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள்.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. தங்கணும்னுதான் வந்தேன், முடியல.”

மறுநாள் வேலிக்குள்ளிருந்து உற்சாகமான குரல்.

“தம்பி, அவளுக்கு நாத்தமே தெரியலையாம்! கேட்டேன், இல்லப்பான்னுட்டா. இனிமே அவ வர்றப்பல்லாம் இதே மாதிரி முழுசாக் கலைச்சு விட்டுடறேன்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மனுஷன் பெற்ற மகளைத் தன் கையாலேயே விரட்டிக்கொண்டிருப்பாரே!

“கலைக்காதீங்கண்ணே” என்றேன்.

வேலியருகே வந்தார். என் முகத்தையே பார்த்தார்.

“நேத்து எப்படி?”

“குடலைப் புடுங்குச்சுண்ணே.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

“அவ மூக்கைப் பொத்தவே இல்லையே, தம்பி. என் பக்கத்துல உக்காந்து, ரெண்டாந்தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளே.”