சலவை அறையில் மூன்று மணி நேரம்

இந்த நாட்டில் துணி துவைக்கவும் முன்பதிவு செய்ய வேண்டும். சுவீடனில் நான் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கிறது. ‘த்வெட்ஸ்டூகா’ என்பார்கள். வாசலில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு நாளுக்கும் நேரத்துக்கும் ஒரு துளை. நம் வீட்டுக்கென்று தந்த சின்னப் பூட்டை வேண்டிய துளையில் மாட்டிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு அந்த அறை நம்முடையது. வேறு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது வாரம் முழுவதும் சனிக்கிழமை காலை பத்து மணிக்காகவே காத்திருக்கிறேன். அங்கேதான் நான் கதை எழுதுகிறேன்.

வேறு நேரம் இல்லை. பகலில் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. மாலையில் மொழி வகுப்பு. ஞாயிறு முழுக்க வாரத்துக்கான சமையல். வீட்டில் என்னோடு இன்னும் இரண்டு பெண்கள். இரண்டு பேருடைய ஊரும் உறவும் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. இத்தனை எழுத்தைக் கற்றது விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கு மட்டும்தானா என்ற ஆத்திரத்தில் தொடங்கிய கதை அது. ஆறு மாதமாகியும் முடியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருந்தோம். எழுத உட்கார்ந்தால் தம்பியின் கால் நோட்டின் மேல் இருக்கும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் என்று வந்ததும் எனக்கு ஓர் அறை கிடைத்தது. கல்லூரி இல்லாத நாள்களில் ஸ்ரீரங்கத்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மத்தியப் பேருந்து நிலையம் வரை எழுதுவேன். இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவேன். காவிரிப் பாலத்தில் நெரிசலில் வண்டி நின்றால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், எனக்கு மட்டும் சந்தோஷமாக இருக்கும். மூன்றாவது சுற்றில் ஒரு நாள் கண்டக்டர், “ஏம்மா, ஏறுன எடத்துலயே எறங்குறீங்களே, எதைத் தொலைச்சீங்க?” என்று கேட்டார். “பரீட்சைங்க,” என்றேன். “நல்லா எழுதுங்க. கலெக்டரானா எங்க டெப்போவுக்கு ஒரு ஃபேன் போட்டுக் குடுங்க.” ஆற்றுக் காற்றில் பக்கம் படபடக்க, முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதிய அந்த எழுத்து கோணல்தான். ஆனால் நிற்காமல் வந்தது.

இங்கே கிடைத்த மூன்று மணி நேரத்திலும் ஒரு சிக்கல். அம்மா துவாக்குடியில் மாணவர் மெஸ் ஒன்றில் சமைக்கிறார். மதியப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, அவர் கால் நீட்டும்போது அங்கே மூன்று மணி, இங்கே பதினொன்றரை. எனக்கு வாக்கியம் ஓடத் தொடங்கும் நேரம். வாரத்தில் நாங்கள் இருவரும் ஓய்வாக இருப்பது அந்த ஒரு பொழுதில்தான். அம்மாவோடு பேசினால் கதை நிற்கும். கதையை எழுதினால் அம்மா அடுத்த சனி வரை காத்திருக்க வேண்டும்.

“மெஷின் ஓடுதும்மா, அப்புறம் பேசுறேன்,” என்று நான்கு வாரம் சாக்குச் சொன்னேன்.

“மெஷின்தானே ஓடுது, நீயா ஓடுற?” என்பார். ஆனாலும் வைத்துவிடுவார்.

ஐந்தாவது சனிக்கிழமை என்னிடம் அழுக்குத் துணியே இல்லை. இருந்தும் பூட்டை மாட்டிவிட்டு நோட்டோடு போய் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு மேல் கதவு திறந்தது. தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி பிரிட்டா. ஒரு மணிக்கு அவருடைய முறை.

“இயந்திரச் சத்தமே கேட்கவில்லை. அரை மணி நேரம் பயன்படுத்தாவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம், விதி இருக்கிறது,” என்றார்.

“பயன்படுத்துகிறேன். எழுதிக்கொண்டிருக்கிறேன்,” என்றேன் எனக்குத் தெரிந்த சுவீடிஷில்.

அவர் முகம் மாறியது. இங்கே சலவை அறையில் ஒருவர் எழுதினால் அது சுவரில் ஒட்டும் புகார்க் கடிதமாகத்தான் இருக்கும். “துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேர்ந்த பஞ்சை நான் எடுத்துவிட்டேனே!” என்றார்.

“புகார் இல்லை. கதை.”

“யாரைப் பற்றி?” இன்னும் சந்தேகம் தீரவில்லை.

“என் அம்மாவைப் பற்றி.”

“சரியாக ஒரு மணிக்கு வருவேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடியதும் தொலைபேசி அடித்தது.

“மெஷின் ஓடுதும்மா...”

“எங்கடி ஓடுது? சத்தமே காணோம்.”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “துவைக்கலம்மா. கதை எழுதிக்கிட்டிருக்கேன்.”

“இத்தன வாரமாவா?”

“ஆமாம்மா.”

“சொல்லியிருந்தா போனை வச்சுக்கிட்டு ஓரமாப் படுத்திருப்பேன்ல. உன் மூச்சாவது கேட்டிருக்கும்,” என்றார். பேனாவை மூடி வைத்தேன். அவரே கேட்டார்: “கதையில நான் இருக்கேனா?”

“இருக்கம்மா.”

“என்ன பண்றேன்?”

“சோறு வடிக்கிற.”

“அடிப்பாவி, அங்கயுமா!” என்று சிரித்தார். “சரி, படி. கேக்கலாம்.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதியதை நானே அவருக்குப் படித்துக் காட்டியதும் இல்லை. அது அன்றுதான் உறைத்தது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பாதியில் அங்கே யாரோ, “செல்விக்கா, வெங்காயம் உரிக்க வாங்க,” என்று கூப்பிட்டார்கள்.

“நீ படி பாப்பா. உரிச்சுக்கிட்டே கேக்குறேன்.”

வீடியோவைப் போட்டு, போனை ஏதோ பாத்திரத்தில் சாய்த்து வைத்தார். திரையில் மெஸ்ஸின் கூரை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் ஓடியது. அதற்கு மேலாக அம்மாவின் குரல்: “சத்தமாப் படி! ஒண்ணும் கேக்கல!”

எழுந்து நின்று, வகுப்பில் ஒப்பிப்பதுபோல் உரக்கப் படித்தேன். ஒரு மணிக்குக் கதவு திறந்தது. துணிக்கூடையோடு பிரிட்டா. கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டார்.

எழுதியிருந்த பக்கங்கள் தீர்ந்துவிட்டன. துவாக்குடியில் கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றுப் பக்கத்தைப் பார்த்தபடியே, நிறுத்தாமல், கதையின் மீதியைச் சொல்லத் தொடங்கினேன்.