மாவு பிசையப் போன ஞாயிறு

எழுபதுகளின் நடுவில் கடல் கடந்து கிளேட்டன் என்னும் வெளிநாட்டு ஊருக்குப் படிக்க வந்த எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் அம்மா என்னைக் குசினிப் பக்கம் விட்டதில்லை. படி, படி என்றே வளர்த்தார். விடுதியில் என் அறையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான் ஒருநாள், "பொம்பிளைப் பிள்ளையளின்ரை சங்கம் ஒண்டு இருக்காம். தேத்தண்ணியும் கேக்கும் குடுப்பினமாம். வாறியோ?" என்று கேட்டாள். கேக்குக்காகவே போனேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

பல்கலைக்கழக மாணவிகள் நடத்திய சங்கம் அது. ஊரையும் உறவையும் விட்டு வந்து, பிள்ளை பெற்றுத் தனியே கிடக்கும் பெண்களின் வீடுகளுக்கு ஞாயிறுதோறும் போய்த் துணி துவைப்பார்கள், வீடு கூட்டுவார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். தலைவி கோதுமைப் பண்ணையில் வளர்ந்த நெட்டைப் பெண். குழந்தையின் அழுக்குத் துணியை முகம் சுளிக்காமல் அலசுவாள். அவளைப் பார்த்த முதல் நாளே எனக்குக் கேக் மறந்துபோயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கும் தலைவிக்கும் ஒரு கிரேக்கப் பெண்ணின் வீடு வாய்த்தது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் படுக்கையை விட்டு எழும்பவில்லை, பிள்ளையைத் தூக்கவுமில்லை. சுவரைப் பார்த்தபடியே கிடப்பாள். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த கணவன் வாசலில் நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பான். இப்படியே விட்டால் தாயும் பிள்ளையும் என்ன ஆவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு தலைவி என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய், பாண் சுட மாவு பிசையச் சொன்னாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் சமையல் இலட்சணம் விடுதி முழுக்கத் தெரிந்த சங்கதி. அவளோ படுக்கையறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தொட்டிலருகே போய் நின்றுகொண்டாள். தண்ணீரை ஊற்றினேன், கூழானது. மாவைக் கொட்டினேன், கல்லானது. முழங்கைவரை ஒட்டிக்கொண்டது.

கட்டில் கிறீச்சிட்டது. அந்தப் பெண் வெறுங்காலோடு வந்து நின்று கிரேக்கத்தில் ஏதோ சொன்னாள். மொழி புரியாவிட்டாலும் திட்டு என்று தெரியாதா? என்னை இடித்துத் தள்ளிவிட்டுத் தானே பிசையத் தொடங்கினாள். பிறகு என் விரல்களைப் பிடித்து மாவுக்குள் அழுத்திக் காட்டினாள்.

அப்போது பிள்ளை அழுதது. தொட்டிலருகே நின்ற தலைவி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் ஓடப் பார்த்தேன். அந்தப் பெண் என் தோளைப் பிடித்து நிறுத்தி, மாவை என் பக்கம் தள்ளிவிட்டு, கையை உடுப்பில் துடைத்தபடி தானே போனாள். உள்ளே அழுகை அடங்கியதும் நான் மாவுக் கையோடு அழுதேன்.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில், என்னை ஏன் பிசையச் சொன்னாய் என்று தலைவியைக் கேட்டேன். நன்றாகப் பிசையத் தெரிந்த ஒருத்தியை விட்டிருந்தால் அவள் எழும்பியிருக்க மாட்டாள் என்றாள், வெகு சாதாரணமாக. பின்னாளில் படித்து வாங்கிய எந்தப் பட்டமும் என்னை அன்றுபோலத் தலைநிமிர வைக்கவில்லை.