மஞ்சள் டேப்புக்கு இந்தப் பக்கம்

ஒரகடத்தில் கார் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவில் எனக்கு வேலை. அங்கே தலையில் எண்ணெய் கூடாது, கையில் க்ரீம் கூடாது. துளி பிசுக்கு பட்டாலும் பெயின்ட்டில் குழி விழுந்துவிடும். புது மாப்பிள்ளையே ஆனாலும் பரட்டைத் தலையோடுதான் வரவேண்டும். கையுறைக்குள் வியர்த்து, கழுவிக் கழுவி, என் கைகள் வெடித்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டன.

முதல் புகார் என் மூன்று வயது மகளிடமிருந்து வந்தது. கன்னத்தைத் தடவப் போனால், "கை குத்துது, போ" என்று அம்மாவிடம் ஓடிவிடுவாள். எனக்கு அழுகையே வந்தது.

தண்டலம் பக்கம் ஒரு தோல் டாக்டர் பாரஃபின் களிம்பு எழுதிக் கொடுத்தார். "ஷிப்ட் முடிஞ்சு குளிச்சதும் தாராளமா தடவுங்க. ஆனா களிம்பு ஊறின துணி நெருப்பு பட்டா சட்டுனு பத்திக்கும். துவைச்சாலும் முழுசா போகாது. அடுப்புகிட்ட போகாதீங்க."

பக்கத்தில் இருந்தவள் என் மனைவி. அவளுடைய கம்பெனியில் தீயணைப்புப் பயிற்சி எடுத்தவள். சும்மா விடுவாளா? அன்றைக்கே சமையலறை வாசலில், ஃபேக்டரித் தரையில் ஒட்டுகிற மாதிரி, மஞ்சள் டேப் ஒட்டிவிட்டாள்.

"இத்த தாண்டி வந்த, அவ்ளோதான்!"

எங்கள் வீட்டில் தோசை சுடுவது என் பொறுப்பு. அதிலிருந்து விடுதலை என்றால், கரும்பு தின்னக் கூலியா? டேப்புக்கு இந்தப் பக்கம் சப்பணமிட்டு உட்கார்ந்து, "சட்னில உப்பு கம்மி" என்று தரம் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் பால் பொங்கியது. பழக்க தோஷம், களிம்பு ஊறிய சட்டையோடு பாய்ந்துவிட்டேன். அவள் என் காலரைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, பிறகுதான் அடுப்பை அணைத்தாள். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், என் சட்டையைத் திருப்பித் திருப்பி, எங்கேயாவது பொசுங்கியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"பால் போனா இன்னா, வாங்கிக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அந்த டேப்பைக் காலால்கூடத் தொடவில்லை.

கை ஆறியது. டாக்டர் களிம்பை நிறுத்தச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையே, மனைவி பிசுக்கேறிய சட்டைகளைத் தூக்கிப் போட்டாள், டேப்பை உரித்தாள், தோசைக் கரண்டியை நீட்டினாள்.

"கைதான் நல்லா கீதே, வா."

"வர முடியாது. கை மாட்டிகினு கீது."

எட்டிப் பார்த்தாள். மகள் என் உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மனைவி கரண்டியோடு உள்ளே போனாள். முதல் தோசையை அவளே கொண்டுவந்து எனக்கு ஊட்டினாள். அன்றைக்கு உப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.