மழையில் சீவிய கதவு

பிள்ளைகளே, மழையில் உப்பிப்போய் சாத்த வராமல் இருந்ததே உங்கள் அறைக் கதவு, அதை இன்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு ஆசாரி வந்து சீவிக்கொடுத்தார். சுருள் சுருளாக விழுந்த மரச்சீவலின் வாசனையில் எனக்கு அக்ரஹாரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள் ஞாபகம் வந்துவிட்டன. அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்கள் நிற்கின்றன.

அங்கே மழை பிடித்தால் எல்லாக் கதவும் உப்பிவிடும். விடிந்ததும் வீட்டுக்கு வீடு தோளால் இடித்துத் திறக்கிற சத்தம் கேட்கும். என் அப்பாவுக்குக் குண்டலுபேட்டையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். அம்மா நர்ஸ்; அவர் இரவு டூட்டிக்குப் போனால் நானும் தங்கையும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகப் படுக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அந்தத் தாழ்ப்பாள் விழவே இல்லை.

“இப்ப சீவினா வெயில் காலத்துல இடுக்கு விழும் சிஸ்டர். அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க” என்றார் அன்றைய ஆசாரி.

“காத்து வந்தா வரட்டும் அண்ணா, கள்ளன் வராம இருந்தா போதும். சீவுங்க” என்றார் அம்மா.

மார்ச்சில் விரல் நுழைகிற அளவு இடுக்கு விழுந்தது. அதன் பிறகு அம்மா காலையில் டூட்டி முடிந்து வந்ததும் கதவைத் தட்டமாட்டார். முதலில் இடுக்கில் கண்ணை வைத்து, நாங்கள் இருவரும் இருக்கிறோமா என்று பார்ப்பார். அங்கே வெளிச்சம் மறைந்தால் அம்மா வந்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும், தூங்குவதுபோல் கிடப்போம்.

இன்று வந்த ஆசாரியும் இடுக்கு விழும் என்றுதான் சொன்னார். பரவாயில்லை, சீவுங்கள் என்றேன். அவர் போனதும் கதவை வெளியிலிருந்து சாத்தி, ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.