கொட்டாஞ்சேனையில் ஒரு செடி சாகவேண்டியிருந்தது

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள், போன செவ்வாய்க்கிழமை காலை என்னோடு வந்திருக்கவேண்டும்.

நான் பருத்தி இரகங்களைச் சோதிப்பவள். வாடல் நோய்ப் பூஞ்சணம் கலந்த மண்ணில் செடிகளை வளர்த்து, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அதில் ஓர் இரகம் சாகவென்றே நடப்படுவது. அது சாகாவிட்டால் பூஞ்சணம் வேலைசெய்யவில்லை என்று அர்த்தம். மற்றவை தப்பியதற்கும் மதிப்பில்லை, என் ஆறுமாத உழைப்பும் குப்பையில். ஆராய்ச்சி நிலையத்துக் கூடாரம் காற்றில் பிய்ந்துபோனதால் தொட்டிகளெல்லாம் றெஜினா அன்ரியின் மொட்டைமாடியில் இருந்தன. அவர் என் தோழியின் தாயார்.

ஓட்டோவுக்கு ஆயிரத்து நூறு ரூபா பேசினேன். கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயிலின் செவ்வாய்க்கிழமைக் கூட்டம், வண்டி அசையவில்லை. எங்கே போகிறேன் என்று கேட்ட சாரதியிடம் நோய்ச் செடிகளைப் பற்றிச் சொன்னேன்.

“அந்தோனியாரிட்ட நேர்ந்துகொள்ளுங்க மிஸ். பிழைச்சிடும்.”

“பிழைக்கக்கூடாது அண்ணா. சாகணும்.”

கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். “இங்க அப்பிடியெல்லாம் கேக்கிறேல்ல மிஸ்.”



மாடியில் ஏறினேன். சாகவேண்டிய மூன்று தொட்டிகளின் இடத்தில் பச்சைப்பசேலென்று ஏதோ நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால், மிளகாய்ச் செடி!

“நேற்று ஃபாதர் வீடு மந்திரிச்சு ஆசீர்வதிக்க வந்தவர் பிள்ளை,” என்றார் அன்ரி. “வாடின செடியை அவருக்கு எப்பிடிக் காட்டுறது? பாத்ரூமில ஒளிச்சுப்போட்டு அந்த இடத்தில மிளகாயை வச்சனான். தீர்த்தமும் ஊத்திப் பார்த்தனான். உயிர் வரேல்ல.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாத்ரூமுக்கு ஓடினேன். வாளிக்குப் பின்னால் மூன்றும் தலைசாய்ந்து கிடந்தன. நோயா, அல்லது அன்ரியின் தண்ணீரில் மூழ்கிய சாவா? தண்டைப் பிளந்தேன். உள்ளே நெடுக மண்ணிறக் கோடு. வாடல் நோயேதான்!

“செத்திட்டுது அன்ரி!” என்று துள்ளிக் குதித்து அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: செவ்வாயைத் தவிருங்கள், அல்லது ஒரு மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனசுள்ளவர்களிடம் செடியைக் கொடுத்தால், எது சாகவேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். நானும் சொல்லித்தான் கொடுத்தேன். பகிடி விடுகிறேன் என்று அன்ரி நினைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் கொச்சிக்கடையில் இறங்கி மூன்று மெழுகுதிரி கொளுத்தினேன். செடிகளுக்காக அழ அன்ரி இருந்தார். அவை செத்ததற்கு நன்றி சொல்ல என்னைவிட்டால் ஆருமில்லை.