மணி நின்றால் வேட்டு

திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போகிற புது ரயில் பாதைக்காக எங்கள் ஊரை ஒட்டி ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். குன்றும் பாறையுமான இடம். பிளாட்பாரம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, தண்டவாளம் நுழைய வேண்டிய பாறையை வேட்டு வைத்து உடைத்துப் பள்ளமாக்கினார்கள். நான் பிளாட்பாரத்தில் கலவை தூக்கினேன். என் அண்ணி பள்ளத்தில் கல் பொறுக்கினாள். எனக்குக் கொஞ்சம்தான் பெரியவள். வா, போ என்றுதான் பேசுவேன். பால்குடிக் குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

டீக்கும் விசில், லாரிக்கும் விசில், வேட்டுக்கும் விசில். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சூப்பர்வைசருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாளையிலேர்ந்து மாதா கோயில் பன்னெண்டு மணிதான் கணக்கு. மணி அடிச்சா ஜல்தி மேல வந்துடணும். மணி நின்னா வேட்டுக்காரரு திரியப் பத்த வெச்சிடுவாரு."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் அண்ணியும்கூட. அங்கே வேதக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மாதா கோயில் மணி அடித்தால் கையில் இருப்பதை இறக்கி வைத்து, முக்காடு போட்டு, நின்ற இடத்திலேயே நின்று செபம் சொல்லுவோம். பிறந்ததிலிருந்து பழக்கம். அப்படி நிற்கிறோம் என்பதே எங்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. மூச்சு விடுகிறேன் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லிவைப்பார்களா?

மறுநாள் மணி அடித்தது. சட்டியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடினேன். செபம் பாதியில் இருக்கும்போதே மணி நின்றுவிட்டது. பள்ளத்திலிருந்து ஏறி வந்த பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அவர்களோடு அண்ணி இல்லை.

கீழே பள்ளத்தில், கற்குவியலுக்குப் பின்னால் அவள் முக்காடு மட்டும் தெரிந்தது. சரிவில் விழுந்தடித்து ஓடினேன். திரி எரிகிற நாற்றம் அதற்குள் வந்துவிட்டது.

"அண்ணி, வா! மணி நின்னுப்போச்சு!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. இரு, முடித்துவிட்டு வருகிறேன் என்பதுபோல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முக்காட்டோடு முடியைப் பிடித்து இழுத்தேன். பக்கத்தில் நின்றிருந்த ஜல்லி லாரிக்குப் பின்னால் அவளைத் தள்ளி மேலே விழுந்தேன். வேட்டு வெடித்தது. லாரியின் தகரத்தில் கற்கள் வந்து மோதின. அண்ணி நின்றிருந்த இடத்தில் ஆட்டுக்கல் அளவுக்குப் பாறைத் துண்டு கிடந்தது.

பாறைக்கு அந்தப் பக்கம் இருந்த வேட்டுக்காரர் ஓடி வந்தார். "மணி நின்னப்புறந்தானே வெச்சேன், மணி நின்னப்புறந்தானே வெச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் அண்ணியிடம் கத்தினார். "மணி அடிச்சா வரணும்னு சொன்னனா இல்லியா?"

"மணி அடிச்சா நாங்க நிப்போம் சார். உங்களுக்குத்தான் தெரியலன்னா, சொல்லணும்னு எங்களுக்குமே தோணாம போச்சு" என்றேன்.

அண்ணியின் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. "புள்ளைக்குப் பசிக்கும், நான் வூட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பழைய விசிலே வந்துவிட்டது. மதியம் மணி அடித்ததும் அண்ணி பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். முக்காடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. இன்றுவரை செபத்தில் நான் கண்ணை மூடியதில்லை.