நோன்பு மாதத்துக் கொடுவாக் குஞ்சுகள்

தஹ்சீனுக்கு மீட்டர் என்றால் ஆகாது. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் கருவி ஒன்று அவளிடமும் இருந்தது. ஒருநாள் சிமெண்ட் தரையில் விழுந்து விரிசல் விட்டது. வேறு வாங்கிக்கொள்ளேன் என்றான் கணவன் ரஹீம். "இன்னாத்துக்கு? வாயில நாக்கு கீதில்ல?" என்று அவள் கேட்டதோடு பேச்சு முடிந்துபோயிற்று. அப்படியொரு பிடிவாதக்காரி. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவள் கொடுத்த மீன் செத்தது என்று எண்ணூர்ப் பக்கம் அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் சடையங்குப்பத்தில், தகரக் கொட்டகைக்கு அடியில் அவளுடைய தொட்டிகள் இருந்தன. ரஹீம் அலங்கார மீன் வளர்த்த தொட்டிகள். அந்த வியாபாரம் படுத்ததும் அவன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டப் போய்விட்டான். தஹ்சீன் அவற்றில் கொடுவாக் குஞ்சு விட்டாள். நல்ல தண்ணீரில் விரல் நீளத்துக்கு வளர்த்து, உப்புக்குப் பழக்கி, முகத்துவாரத்தில் கூண்டு போட்டிருக்கும் மீனவர்களுக்குக் கொடுப்பாள்.

பழக்குவதுதான் வேலை. நல்ல தண்ணீரில் கிடக்கும் மீன் தண்ணீரே குடிக்காது. தண்ணீர் தானாக உடம்புக்குள் ஏறும், மீன் அதை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கடலுக்குப் போனால் எல்லாம் தலைகீழ். உடம்பிலிருக்கிற தண்ணீரைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மீன் குடித்தாக வேண்டும், குடித்ததில் வந்த உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றியாக வேண்டும். செவுள் இந்தப் புது வேலையைக் கற்றுக்கொள்ளச் சில நாள் பிடிக்கும். அவசரப்பட்டால், சுற்றிலும் தண்ணீர் இருக்க மீன் தாகத்தில் வற்றிப்போகும்.

குளிர்நாட்டில் வளர்க்கும் சால்மன் மீனைத் தஹ்சீன் போனில் பார்த்திருக்கிறாள். கடலுக்குத் தயாரானதும் அதன் உடம்பே வெள்ளியாக மாறிவிடுமாம். "அது மவராசி, சொல்லிட்டுப் போவுது. நம்ம கொடுவா வாயத் தொறக்குமா?" என்பாள். அதனால் தினமும் கொஞ்சம் நல்ல தண்ணீரை இறைத்துவிட்டு, எண்ணூர் ஆற்றுத் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து ஊற்றுவாள். அந்தத் தண்ணீரோ கடல் ஏறும்போது ஒரு கரிப்பு, இறங்கும்போது ஒரு கரிப்பு. எத்தனை கேன் என்ற கணக்கு எதற்கும் உதவாது. ஊற்றிக் கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த நாள் எவ்வளவு என்று முடிவு செய்வாள்.

இந்த வருடம் பகலவன் பெரிய கூண்டு போட்டிருந்தான். ஆற்றில் மீன் அற்றுப்போய் வலையைச் சுருட்டி வைத்தவன். அவன் கூண்டு என்ன ஆகிறது என்று குப்பமே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் குஞ்சுகள் பிழைத்தால் ஆளாளுக்குக் கூண்டு போடுவார்கள், தஹ்சீனின் தொழில் நிலைக்கும். செத்தால் கொட்டகையைக் காலி பண்ண வேண்டியதுதான்.

பழக்கத் தொடங்கிய வாரம் ரமலான் பிறந்தது. நோன்பு வாயில் உப்புத் தண்ணீரை வைக்கத் தஹ்சீனுக்கு மனம் ஒப்பவில்லை. சாயங்காலம் பார்க்கலாம் என்றால், நோன்பு திறக்க மதியமே தண்டையார்பேட்டை வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். தொட்டி வேலைக்கு உடனிருந்த ஞானபாக்கியத்தைக் கூப்பிட்டாள். தூத்துக்குடி உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். உப்பு விஷயத்தில் இவளைவிட நல்ல நாக்கு யாருக்கு இருக்கப் போகிறது?

வழக்கமாக ஒரு வாரம் ஆகும். இந்தத் தடவை நாலாம் நாளே ஞானபாக்கியம் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். "யக்கா, கடலேதான்க்கா. வாயில வைக்க முடியல."

"அதுக்குள்ளயா? நல்லாப் பாத்து சொல்லுடி."

"சத்தியமாக்கா. தொண்டையெல்லாம் கரிக்கி."

பகலவனும் போனுக்கு மேல் போன் போட்டு அவசரப்படுத்தினான். மறுநாள் காலை, கடல் ஏறும் நேரத்தில் குஞ்சுகள் கூண்டுக்குப் போய்விட்டன.

அடுத்த நாளே பகலவன் கூப்பிட்டான். "யக்கா, இன்னாக்கா மீனு குட்த்த? பாதி மெதக்குது. மீதி தீனியத் தொடவே மாட்டேங்குது." இரண்டு பெண்களும் ஓடினார்கள். மிச்சமிருந்த குஞ்சுகள் கறுத்து, வயிறு ஒட்டி, கூண்டின் அடியில் கிடந்து வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தன. பார்த்ததுமே தஹ்சீனுக்குத் தெரிந்துவிட்டது, உப்புக்குச் சரியாகப் பழகாமல் வந்த மீன் இது. எங்கே தப்பு நடந்தது என்பதுதான் விளங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

பகலவன் செத்ததை அள்ளிக் கொட்டப் படகில் போனான். பாங்கு ஒலித்ததும் தஹ்சீன் கரையிலேயே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்துப் பள்ளிவாசலில் வாங்கிவந்த நோன்புக் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள்.

"குடிடி. காலைலேந்து நீயும் ஒண்ணும் துன்னல."

ஞானபாக்கியம் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "வேண்டாம்க்கா. உப்பு போட்டிருப்பாக."

"பின்ன, உப்பில்லாமயா கஞ்சி காச்சுவாங்கோ?"

"ஈஸ்டர் வரைக்கும் உப்ப விட்டிருக்கேன். லெந்து நோன்பு. கஞ்சி, குழம்பு எதுலயும் உப்பு கெடையாது."

தஹ்சீன் வாய்க்குக் கொண்டுபோன கிண்ணத்தைக் கீழே வைத்தாள். உப்பே படாத நாக்குக்குப் பாதி உப்பும் கடலாகத்தான் கரிக்கும்.

"அடிப்பாவி! ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"நோன்பு இருக்கத வெளிய சொல்லக் கூடாதுக்கா. வேதத்துல இருக்கு." சொல்லும்போதே ஞானபாக்கியத்தின் முகம் வெளிறியது. "அப்போ... நாஞ் சொன்ன உப்புதான் தப்பாக்கா?"

தஹ்சீனுக்கு வந்த கோபத்தில் அவளை அப்படியே ஆற்றில் தள்ளியிருப்பாள். "சோத்துல உப்ப வுடற அளவுக்கு அப்டி இன்னாடி வேண்டுதலு உனுக்கு?"

ஞானபாக்கியம் கூண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீனுக்குத்தான்க்கா. இந்தத் தடவ ஒண்ணுகூடச் சாவக் கூடாதுன்னு."

தஹ்சீனின் கோபம் போன இடம் தெரியவில்லை. தப்பு யாருடையது என்று பகலவன் கேட்டால் தன் பெயரைத்தான் சொல்வது என்று அந்த இடத்திலேயே முடிவு பண்ணினாள். கிண்ணத்தை எடுத்து மறுபடியும் நீட்டினாள். "போனது போச்சி. அல்லாவும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, உங்க ஏசுவும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. குடிச்சிடு."

ஞானபாக்கியம் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"மிச்சப் பாதி இன்னும் உசுரோட கெடக்குல்லாக்கா. இப்பப் போய் நான் எப்படி உப்பத் திங்க?"